கிளெமென்றின் இரண்டாவது வாளி

ஒஸ்லோவில் வெஸ்ட்லிப் பகுதிக் கிளெமென்ற் திரும்பவும் குடிக்கத் தொடங்கிவிட்டார் என்ற செய்தி, மே மாதத்து இரண்டாம் ஞாயிறு, தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் றோல்ஸ் தட்டு ஒரு சுற்றுப் போவதற்குள் இரண்டு சுற்றுப் போய்விட்டது.

செய்திக்கு மூன்று பதிப்புகள் இருந்தன. திராமன் நகரிலிருந்து வந்தவர்களின் பதிப்பில், கிளெமென்ற் தான் வேலைபார்க்கும் தொடர்மாடியின் நிலக்கீழ் அறையில் சாராயம் வடிக்கிறார், குழாயெல்லாம் பூட்டியாயிற்று. அம்மருட் பகுதிக்காரரின் பதிப்பில் பொலிசும் வந்து போய்விட்டது. இரண்டு பேர், ஒரு நாய். பாடகர் குழுவின் பதிப்பு இவற்றைவிட அடக்கமானது. ஆனால் அதுதான் ஆழமாக இறங்கியது: கிளெமென்ற் ஒரு வெள்ளை வாளிக்கு முன்னால் முழந்தாளில் நின்றார், காதை அதன் மூடியில் வைத்திருந்தார், தனியே சிரித்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருட நேர்த்திக்கடன் அந்த வாளியோடு போயிற்று.

விசாரித்துப் பார்த்ததில், பொலிஸ் வரவில்லை. நாய் உண்மை. அது முதலாம் மாடி நோர்வேக்காரி ஒருத்தியின் கிழட்டு நாய், எந்தக் கதவைக் கண்டாலும் நின்று மோப்பம் பிடிக்கும். குழாயும் உண்மை, ஆனால் ஒன்றரை மீற்றர் பிளாஸ்டிக் குழாய், அதால் ஒன்றும் வடிக்க முடியாது. முழந்தாள், காது, சிரிப்பு மூன்றும் அட்சரம் பிசகாத உண்மை. கண்டவர் நாலாம் மாடி மங்களேஸ்வரி அக்கா. வியாழக்கிழமை உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் போகும் வழியில் கதவு நீக்கலுக்குள்ளால் கண்டிருக்கிறார். கண்டதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டாதவர். வியாழன் பின்னேரம் ஒரேயொருவரிடம்தான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக்குள் அது வளர்ந்ததற்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

மிச்சமிருந்த கேள்வி ஒன்றுதான். குடித்தாரா, இல்லையா? அதற்கு முதலில் அந்த நேர்த்தியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கிளெமென்ற் தீவுப்பகுதி ஆள். இருபது வயதில் நோர்வே வந்து, வடக்கே மீன் வெட்டி, பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கியவர். இருபத்திரண்டு வருடமாக வெஸ்ட்லியில் நான்கு உயரக் கட்டடங்களுக்கு அவர்தான் வாக்மெஸ்தர். பல்ப் மாற்றுவது, பனி தள்ளுவது, அடைத்துக்கொண்ட குழாய்க்குள் கையை விடுவது எல்லாம் அந்தப் பதவிக்குள் அடக்கம். இடுப்பில் ஒரு திறப்புக் கோர்வை, நடந்தால் பூசை மணிபோலக் கேட்கும்.

அந்தக் காலத்தில் குடித்தார். மூன்றாம் கிளாசில் பாட்டு, ஐந்தாம் கிளாசில் கனடாவுக்கு ரெலிபோன். யாருக்கும் கரைச்சல் இல்லாத குடி என்று சனம் நற்சான்றிதழ் கொடுத்த குடி. ஒன்பது வருடத்துக்கு முந்திய ஜனவரியில் ஒரு நாள், பந்துப் பயிற்சிக்குப் போன மகன் ஜெனுசனைக் கூட்டிவரப் புறப்பட்டவர், ஐந்தாம் இலக்க மெட்ரோவில் ஏறியதும் நித்திரையாகிவிட்டார். பெட்டி நகரத்தின் ஒரு அந்தத்திலிருந்து மறு அந்தம் போயிற்று, திரும்பி வந்தது, மறுபடியும் போயிற்று. எட்டு வயதுப் பிள்ளை, கையுறை ஒன்றைத் தொலைத்துவிட்டு, பூச்சியத்துக்குக் கீழ் பதினாலு பாகைக் குளிரில் இரண்டு மணித்தியாலம் மைதான வாசலில் நின்றது. இரண்டு விரல் வெள்ளையாகிப் போயிற்று. வைத்தியர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார், விரல்களும் அன்றைக்கே பழைய நிறத்துக்கு வந்துவிட்டன. கிளெமென்ற் மட்டும் பழைய நிறத்துக்கு வரவில்லை. மாதா படத்துக்கு முன்னால் நின்று, இனி ஒரு துளி மதுவும் தன் நாக்கில் படாது என்று நேர்ந்துகொண்டார்.

நேர்த்தி மாதாவுக்கு. மேற்பார்வை மனைவி மரியரஞ்சனிக்கு. அவருக்கு வேலை ஒரு பல் வைத்திய நிலையத்தில், கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்குவது. கண்ணுக்குத் தெரியாதது இருக்கும் என்று எடுத்துக்கொள்வதுதான் அந்த வேலையின் முதல் பாடம். அன்றிலிருந்து கிளெமென்ற் வீட்டு வாசலுக்கு வந்ததும் மரியரஞ்சனி முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து “ஊதுங்கோ” என்பார். அவர் ஊதுவார். பிறகுதான் சப்பாத்துக் கழற்றலாம். சில வீடுகளில் முத்தம் கொடுப்பார்கள், இந்த வீட்டில் ஊதுவார்கள்.

ஒரு துளி பட்டாலும் தான் திராமனில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவதாக மரியரஞ்சனி அப்போதே சொல்லியிருந்தார். வெறும் பேச்சில்லை. அலுமாரிக்கு மேல் ஒரு நீலச் சூட்கேஸ் ஒன்பது வருடமாக வெறுமையாக இருக்கிறது. அதற்குள் குளிர்கால உடுப்பு வைக்கவும் விடமாட்டார். நத்தார் கேக் இரண்டு தட்டில் வேகும், ஒன்று பிராண்டியோடு, மற்றது கிளெமென்றுக்கு. இருமல் மருந்தின் லேபிளை வாசித்த பிறகே கரண்டி எடுப்பார்கள். பூசையில் திராட்சை இரசக் கிண்ணம் நீட்டப்படும் நாட்களில் கிளெமென்ற் தலைகுனிந்து வணங்கிவிட்டு விலகிப் போவார். பார்ப்பவர்களுக்கு அது பக்தி.

இப்படியான மனிதனுக்குத்தான் வேலையிடத்து நத்தார் விருந்தில் லொத்தரில் பியர் காய்ச்சும் பெட்டி விழுந்தது.

இருபது லீற்றர் வாளி, குழாய், முளைவிட்ட பார்லி, கசப்புக்கு ஹொப்ஸ், புளிக்கவைக்க ஒரு பைக்கற் ஈஸ்ற், ஒரு கைநூல். கிளெமென்றுக்கு வாழ்க்கையில் லொத்தரில் விழுந்த முதல் சாமான் அது. யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார் மரியரஞ்சனி. விழுந்ததைக் கொடுத்தால் இனி விழாது என்றார் கிளெமென்ற். கடைசியில் உடன்படிக்கை ஒன்று ஏற்பட்டது: காய்ச்சலாம், ஆனால் நிலக்கீழ் அறையில். மேலே வீட்டுக்கு ஒரு போத்தலும் வரக்கூடாது. நாக்கில் ஒரு துளியும் படக்கூடாது. பட்டால் திராமன்.

முதல் பியரை அவர் காய்ச்சிய விதம் ஒரு பயந்த மனிதன் ஜெபமாலை சொல்லும் விதம். கைநூல் ஒரு தரம் கழுவச் சொன்னதை மூன்று தரம் கழுவினார். கிருமி நீக்க மனைவியிடமே பாடம் கேட்டார். அவரும் கீழே இறங்காமல், வீட்டுச் சுவரைப் பார்த்தபடி பாடம் சொன்னார். வெப்பநிலை அரைப் பாகை ஏறினால் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தார். நாற்பது போத்தல் நிரம்பியது. மூன்று கிழமையில் திறக்கலாம் என்றது கைநூல். ஆனால் அதற்குள் தவக்காலம் தொடங்கிவிட்டது, குடிக்கக்கூடிய ஒருவரும் உயிர்த்த ஞாயிறுக்கு முன் குடிக்கமாட்டார்கள். அதனால் அந்தப் போத்தல்கள் இருட்டுக்குள் இரண்டு மாதம் சும்மா இருந்தன. புதிதாகக் காய்ச்சுகிறவர்கள் அவசரப்பட்டுத் திறந்துதான் கெடுக்கிறார்கள் என்பது கிளெமென்றுக்குத் தெரியாது. அவருடைய பியரைத் திருச்சபை காப்பாற்றிவிட்டது.

உயிர்த்த ஞாயிறு காலை எண்ணிப் பார்த்தபோது முப்பத்தேழு போத்தல்தான் இருந்தன. மூன்றைக் காணவில்லை. ஜெனுசனுக்கு இப்போது பதினேழு வயது. கிளெமென்ற் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பழைய மெட்ரோக் கதை வெளியே வரும் என்ற பயம்.

அன்று மத்தியானம் அந்த முப்பத்தேழும் முடிந்தன. பாடகர் குழுத் தலைவர் சூசைரட்ணம் அண்ணை, அறுபத்தெட்டு வயது, ஓய்வுபெற்ற தபால்காரர், தொண்டையில் நின்று கதைக்குது என்றார். அம்மருட்டில் இருந்து வந்த பஸ் சாரதி சந்திரகுமார், நல்லாயிருக்கு, ஆனால் ஏறவில்லை என்றார். பக்கத்து வீட்டு ஊட்வார், மேற்கே வொஸ் பக்கத்து மலைக்காரர், இரண்டாவது போத்தலையும் முடித்துவிட்டு “மோசமில்லை” என்றார். நோர்வேக்காரர் வாயில் அதற்கு மேல் புகழ் கிடையாது.

கிளெமென்ற் மகள் யூலியாவைத் தனியே கூப்பிட்டு, தான் காய்ச்சியது என்ன ருசி என்று கேட்டார். யூலியாவுக்கு இருபத்துநாலு வயது, தமிழ் நன்றாகக் கதைப்பாள், அவசரத்துக்கு மட்டும் நோர்வேஜிய மொழி வரும்.

“ஃப்ரிஸ்க், அப்பா.”

“அப்பிடியெண்டால்?”

அவள் யோசித்தாள். “காலமை ஜன்னலைத் திறந்தமாதிரி.”

அன்றைக்கு அவர் ஏழெட்டுத் தரம் ஜன்னலைத் திறந்து பார்த்தார்.

ஒன்று விளங்கிக்கொள்ள வேண்டும். இருபத்திரண்டு வருடமாக மனிதர்கள் கிளெமென்றைத் தேடி வந்தால் ஏதோ அடைத்துவிட்டது என்று அர்த்தம். இப்போது முதல் தரமாக, ஒன்றும் அடைக்காமலே தேடி வந்தார்கள். அடுத்தது எப்ப, அடுத்தது என்ன என்று கேட்டார்கள். மனிதர் மயங்கிவிட்டார். ஒரு துளியும் குடிக்காமல் வந்த மயக்கம் என்பதால் நேர்த்திக்குள் அது அடங்காது.

மரியரஞ்சனிக்கு அது வேறு மாதிரிப் பட்டது. “முதல் தரம் லொத்தரிலை விழுந்தது,” என்றார். “ரெண்டாம் தரம் எண்டால் ஆசை.” அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நீலச் சூட்கேசைத் தூசி தட்டி வைத்தார்.

கைநூலின் கடைசிப் பக்கம் ‘உங்கள் இரண்டாவது பியர்’ என்ற தலைப்பில் இருந்தது. பன்னிரண்டு கிளாஸ் படங்கள், வைக்கோல் நிறத்திலிருந்து தார் நிறம் வரை. கீழே ஒரு வரி: உங்களுக்கு எது பிடிக்கும் என்று இப்போது தெரிந்திருக்கும், அங்கிருந்து தொடங்குங்கள். கிளெமென்ற் இந்த வரியை மெட்ரோவில் போகும்போதும் வரும்போதும் வாசித்தார். தான் காணாத காலுக்குச் செருப்பு வாங்குகிறவனின் நிலை. ஆகவே காலுள்ளவர்களிடம் கேட்டார். அங்கேதான் பிழை விட்டார்.

சூசைரட்ணம் அண்ணைக்குக் கறுப்பு பியர் வேண்டும். கறுப்பென்றால் வெறுங் கறுப்பில்லை, பனங்கட்டி போட்ட கறுப்பு. சந்திரகுமாருக்கு நிறம் முக்கியமில்லை, எட்டு வீதத்துக்குக் குறையக்கூடாது. அதற்குச் சீனி அள்ளிப் போட்டால் சரி என்றார். நாலு வருடத்துக்கு முன் கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்து, அதே கட்டடத்தில் இருக்கும் முகிலன் லிஃப்டில் பிடித்துக்கொண்டான். “அண்ணா, நீங்க கண்டிப்பா ஒரு மேங்கோ ஐபிஏ ட்ரை பண்ணணும். செம்மையா இருக்கும்.” மாம்பழம் போட்ட பீராம். இங்கே ‘பியர்’ என்பதை அவன் ‘பீர்’ என்பான். கிளெமென்ற் அதைத் திருத்தவில்லை, ஆனால் கவனித்துக்கொண்டார்.

எங்கள் ஆட்கள் மூத்தவர் ஒருவர் சொன்னால் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். இளையவர் ஆசையாய்க் கேட்டாலும் சொல்லமாட்டார்கள். கிளெமென்ற் எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னார்: “ஓம், பாப்பம்.” சொன்னவருக்கு அது மறுப்பு. கேட்டவர்களுக்கு அது வாக்குறுதி. அடுத்த கிழமையே சூசைரட்ணம் அண்ணை ஊரிலிருந்து வந்த பனங்கட்டிக் குட்டான் இரண்டு கொண்டுவந்து கொடுத்தார். சந்திரகுமார் பஸ்ஸை நிறுத்தி மூன்று கிலோ சீனிப் பை ஒன்றை ஜன்னலால் நீட்டினார். முகிலன் மாம்பழக் கூழ் ஆறு தகரம் வைத்துவிட்டுப் போனான். நிலக்கீழ் அறையில் ஒரு சின்னப் பலசரக்குக் கடை எழும்பியது. எல்லாவற்றையும் ஒரே வாளியில் போட்டால் யாரும் கோபிக்கமாட்டார்கள் என்று ஒருநாள் முழுக்க யோசித்திருக்கிறார். அந்த யோசனையோடு அவர் கறுப்பாய் வறுத்த பார்லி தேடிப் புறப்பட்டிருந்தால் இந்தக் கதை அவ்விடத்திலேயே, வாளியோடு, குப்பைக்குப் போயிருக்கும்.

நல்ல காலம், தண்ணீர்க் குழாய் ஒன்று ஒழுகி, கிளெமென்ற் ஊட்வாரின் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. எழுபத்தைந்து வயது மனிதர். குழாயைத் திருத்தியபடி கிளெமென்ற் தன் கரைச்சலைச் சொன்னார். ஊட்வார் முதலில் கோப்பி ஊற்றி வைத்தார். அது அவர்கள் பக்கத்து வழக்கம். பிறகு சொன்னதன் சாரம் இதுதான். இரண்டாவது பியர் முதலாவது பியர்தான். அதையே திரும்பக் காய்ச்சு, ஒன்றை மட்டும் மாற்று. இரண்டை மாற்றினால் எது செய்தது என்று உனக்குத் தெரியாது. மூன்றை மாற்றினால் எது கெடுத்தது என்றும் தெரியாது.

எதை மாற்றுவது என்று கிளெமென்ற் கேட்டார். ஊட்வார் எழுந்து போய்ப் பிறீசரைத் திறந்து, பழைய ஜாம் போத்தல் ஒன்றை எடுத்து வந்தார். உள்ளே மண்ணிறக் களி. அவருடைய தகப்பன் வீட்டு ஈஸ்ற், அதற்கு முன் யாருடையதோ. வொஸ் பக்கத்தில் இதைக் கடையில் வாங்கமாட்டார்கள், அயலுக்குள் இரவல் கொடுப்பார்கள். விதி ஒன்றுதான்: காய்ச்சி முடிந்ததும் வாளி அடியில் படிவதை அள்ளி, அதே போத்தலை நிரப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒருவனுடையது செத்துப்போனால் மற்றவனிடம் உயிரோடு இருக்கும். “போத்தலோடு,” என்று ஊட்வார் இரண்டாம் தரமும் சொன்னார்.

“ஓம், பாப்பம்,” என்று சொல்ல வாயெடுத்தவர், நோர்வேஜிய மொழியில் அது அவ்வளவு வசதியாக வராததால், கட்டாயம் தருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

அந்த ஈஸ்றுக்குச் சூடு வேண்டும், முப்பது பாகைக்கு மேல். ஒஸ்லோவில் மே மாதம் அப்படி ஒரு சூட்டுக்கு மற்றவர்கள் மின்சாரம் எரிப்பார்கள். கிளெமென்றிடம் திறப்பு இருந்தது. அதே நிலக்கீழில், கட்டடத்தின் வெந்நீர்க் குழாய்கள் எல்லாம் ஒன்றுகூடும் அறையில், முப்பத்திரண்டு பாகையில், புதன்கிழமை வாளி வைத்தார். அதே பார்லி, அதே ஹொப்ஸ், அதே மூன்று தரம் கழுவல். சாமானோடு சாமானாக இடம் மாறி வந்த பனங்கட்டியும் சீனியும் மாம்பழமும் மூலையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தன.

முதல் வாளி ஒரு நாள் கழித்துத்தான் கொப்பளித்தது. இது நாலு மணித்தியாலத்தில் தொடங்கிவிட்டது. வியாழக்கிழமை போய்ப் பார்த்தால் மூடியில் செருகியிருந்த வளைந்த குழாய்க்குள் தண்ணீர் துள்ளிக்கொண்டு நின்றது. கிளெமென்ற் முழந்தாளில் இறங்கிக் காதை வைத்தார். உள்ளே ஒரு சனக்கூட்டம் வேலைசெய்யும் சத்தம். ஒரு தோடம்பழ வாசம். ருசிக்க முடியாதவனுக்குச் சத்தமாவது உண்டே என்று நினைத்தார். அப்போது சிரித்திருக்கலாம். கதவு நீக்கலுக்குள்ளால் மங்களேஸ்வரி அக்கா தோய்க்கிற உடுப்புக் கூடையோடு போனதை அவர் காணவில்லை.

மூன்று நாள் கழித்து ஞாயிறு, பூசையின் இறுதி ஆசீர் முடிந்ததும் கிளெமென்ற் மண்டபத்துக்குப் போகாமல் மெட்ரோ பிடித்துவிட்டார். வாளி அமைதியாகிவிட்டிருந்தது, போத்தலில் அடைக்க வேண்டும். அவர் போன பத்தாவது நிமிடம் மண்டபத்தில் மரியரஞ்சனியிடம் மூன்று பதிப்பும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன, ஒவ்வொன்றும் “உம்மட்டைச் சொல்லக்கூடாது, எண்டாலும்” என்று தொடங்கி. மரியரஞ்சனி கையில் எடுத்த றோல்சைத் தட்டில் திரும்ப வைத்தார்.

வாளியிலிருந்து போத்தலுக்குப் பியரை இறக்கப் பழக்கமில்லாதவர்கள் குழாயை வாயால் உறிஞ்சுவார்கள். கிளெமென்றுக்கு அது ஆகாது. அவர் குழாயில் தண்ணீர் நிரப்பி, நுனியை விரலால் பொத்தி, வாளியை மேசையில் ஏற்றி வைத்து, நுனியைக் கீழே இறக்கி விரலை எடுப்பார். முதல் பியருக்கு நாற்பது போத்தலும் அப்படியே நிரம்பின. இன்றைக்குப் பன்னிரண்டாம் போத்தலில் குழாய் கையிலிருந்து வழுக்கி, பாம்பு மாதிரி எழும்பி, நேரே முகத்தில் அடித்தது. நெற்றி, கண், மீசை, சேர்ட், எல்லாம் பியர். கிளெமென்ற் உதட்டைக் கெட்டியாக இறுக்கிக்கொண்டு தட்டித் தடவிக் குழாயைப் பொத்தினார். ஒரு கையில் குழாய் நுனி, மறுகையில் போத்தல், துடைக்க மூன்றாவது கை இல்லை. மீசையிலிருந்து துளி துளியாக உதட்டின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் கதவு திறந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சேலையோடு மரியரஞ்சனி நின்றார். ஐந்து மாதத்தில் நிலக்கீழுக்கு அவர் வந்து கிளெமென்ற் கண்டது அதுதான் முதல் தரம்.

பியரில் குளித்த புருசனைப் பார்த்தார். நிலத்தில் தேங்கி நின்றதைப் பார்த்தார். மூலையில் மூன்று கிலோ சீனியைப் பார்த்தார்.

“ஊதுங்கோ,” என்றார்.

கிளெமென்ற் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். வாயைத் திறந்தால் மீசையிலிருப்பது உள்ளே போகும். அதைச் சொல்லவும் வாயைத் திறக்க வேண்டும். கண்ணால் மீசையைக் காட்டினார். கண் மூக்குக்குக் கீழே போகாது.

“ஒன்பது வருசத்திலை நீங்கள் ஊதமாட்டன் எண்டு சொன்னது இண்டைக்குத்தான்,” என்றார் மரியரஞ்சனி. குரல் உயரவில்லை. “திராமன் பஸ் எத்தினை மணிக்கு?”

“ம்ம்ம்,” என்றார் கிளெமென்ற்.

“வாயைத் திறவுங்கோ.”

“ம்ம்.”

மரியரஞ்சனி கிட்ட வந்து மணந்து பார்த்தார். அதில் பிரயோசனம் இல்லை. சேர்ட் மணந்தது, நிலம் மணந்தது, முப்பத்திரண்டு பாகைச் சூட்டில் சுவரே மணந்தது. ஒன்பது வருடமாகப் பிழைக்காத மூக்கு அந்த அறைக்குள் ஒன்றையும் பிரித்துச் சொல்ல மாட்டாமல் நின்றது. இனி நம்புவதா விடுவதா என்பதுதான் மிச்சம், அது மூக்கின் வேலையில்லை. மரியரஞ்சனி மேசையடிக்குப் போனார். பிறகு, ஆய்வுகூடத்தில் செய்வதுபோல, நிரம்பிய போத்தல் ஒன்றின் வாயில் விரலை வைத்துக் கவிழ்த்து, விரலை நாக்கில் வைத்தார். எதனோடு எதை ஒப்பிடுகிறோம் என்று தெரிய வேண்டுமல்லவா. இன்னொரு தரமும் வைத்தார்.

“போன தரத்தைவிட இது நல்லாயிருக்கு,” என்றார்.

கிளெமென்றின் வாய் தானாகவே திறந்தது.

“போன தரமோ? போன தரத்தை நீர் எப்ப குடிச்சனீர்?”

வெந்நீர்க் குழாய்கள் முணுமுணுத்தன. மரியரஞ்சனி சேலைத் தலைப்பைச் சரிசெய்தார்.

“மூண்டு போத்தல் காணேல்லை எண்டு நான் பெடியனை நினைச்சுக்கொண்டிருந்தனான்,” என்றார் கிளெமென்ற். “உயிர்த்த ஞாயிறு காலமையே மூண்டு குறைவு. அப்ப, தவக்காலத்திலையோ குடிச்சனீர்?”

“ஞாயிற்றுக்கிழமை தவக்காலத்திலை சேராது,” என்றார் மரியரஞ்சனி. “வேணுமெண்டால் சுவாமியாரைக் கேளுங்கோ.”

மூன்று ஞாயிறு, மூன்று போத்தல். திருச்சபைச் சட்டப்படி ஒரு ஓட்டையும் இல்லை. கிளெமென்ற் சிரிக்கத் தொடங்கினார், பிறகு சட்டென்று நிறுத்தி உதட்டைத் தடவிப் பார்த்தார். வாய் திறந்திருந்த நேரத்தில் ஏதோ ஒன்று உள்ளே விழுந்திருந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வாயைத் திறக்க வைத்தவர் யார் என்ற கேள்வியும் அந்தப் பார்வையில் இருந்தது.

“என்ன ருசி?” என்று கேட்டார் மரியரஞ்சனி.

கிளெமென்ற் யோசித்தார். “உப்பு.”

“அப்ப வேர்வை,” என்று தீர்ப்பு வழங்கினார் மரியரஞ்சனி, தன் கைலேஞ்சியால் அவர் மீசையைத் துடைத்துவிட்டு. அது சரியான தீர்ப்பா என்று உறுதிப்படுத்த வழியில்லை. கிளெமென்ற் பின்னர் சூசைரட்ணம் அண்ணையிடம், வேர்வையில் இவ்வளவு தோடம்பழ வாசம் வருமா என்று பொதுவாக விசாரித்ததாகக் கேள்வி.

மிச்சப் போத்தல்களை மரியரஞ்சனி பிடித்துக் கொடுக்க, கிளெமென்ற் நிரப்பினார். முன்பு காணாமற்போன மூன்று வெறும் போத்தல்களும் அன்றைக்கே நிலக்கீழ் அறைக்குத் திரும்பி வந்தன, பல் வைத்தியக் கருவிகளின் சுத்தத்தில். நீலச் சூட்கேசுக்குள் இப்போது குளிர்கால உடுப்பு. வாசலில் ஊதுவது நிற்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கிளெமென்ற் ஊதி முடிந்ததும் அங்கேயே நின்று, “இனி நீர்,” என்பார்.

ஜூன் மாதம் அந்தோனியார் திருநாள் மதியச் சாப்பாட்டோடு இரண்டாவது பியர் திறக்கப்பட்டது. சூசைரட்ணம் அண்ணை கண்ணை மூடி ஒரு மிடறு விழுங்கி, பனங்கட்டி அடியில் தெரியுது என்றார், நிறத்தில்தான் கொஞ்சம் வெளிறிப்போச்சாம். சந்திரகுமார் இந்தத் தரம் ஏறுது என்றார். முதல் தரத்தின் அதே நாலரை வீதம்தான். முகிலன் ஒவ்வொரு மேசையாகப் போய், மேங்கோ யாருடைய ஐடியா என்று தெரியுமா என்று கேட்டுக்கொண்டு திரிந்தான். கிளெமென்ற் எல்லாருக்கும் ஓம் என்றார். அவர் குடித்தாரா என்ற கதையை அன்றைக்கு யாரும் எடுக்கவில்லை. எல்லாருடைய வாயும் நிறைந்திருந்தது.

ஊட்வாரின் ஈஸ்ற் பற்றித்தான் சொல்ல வேண்டும். போத்தல் அடைத்த அன்றே கிளெமென்ற் வாளியின் அடியில் படிந்த களியை விளிம்பு வரை அள்ளி, ஜாம் போத்தலை நிரப்பி, மரியரஞ்சனியின் கையில் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை கொடுத்துவிடலாம் என்று அவர் அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். திங்கட்கிழமை அப்பத்துக்கு மா குழைத்தபோது, இதுவும் புளிக்கவைக்கிற சாமான்தானே என்று இரண்டு கரண்டி எடுத்துக் கலந்து பார்த்தார். ஒஸ்லோவுக்கு வந்து முப்பது வருடத்தில் அப்படி ஓர் அப்பம் வரவில்லை. கரை முறுகி, நடு பஞ்சாகி, சல்லடைக் கண் மாதிரி. நெருப்பில் வெந்தது மதுவில் சேராது என்று தீர்ப்பானது. கிளெமென்ற் நாலு சாப்பிட்டார். யூலியா ஒன்பது. அடுத்த கிழமை மங்களேஸ்வரி அக்காவுக்கும் ஒரு தட்டுப் போயிற்று. அதற்கடுத்த கிழமை பூசை முடிந்த மண்டபத்தில் அறுபது அப்பம். போத்தல் அடிதட்டியது.

ஊட்வாருக்கும் ஒரு தட்டு அனுப்பினார்கள். கழுவிய தட்டோடு வந்து கதவைத் தட்டி, மோசமில்லை என்றவர், போத்தல் எங்கே என்று கேட்டார். போத்தல் அப்போது சமையலறை அலுமாரித் தட்டில் இருந்தது. அதற்குள் சூசைரட்ணம் அண்ணையின் பனங்கட்டி, துண்டு துண்டாக உடைத்து.

போன கிழமையும் லிஃப்டில் ஊட்வார் கேட்டிருக்கிறார். போத்தலையும், போத்தலுக்குள் இருக்க வேண்டியதையும். கிளெமென்ற் திறப்புக் கோர்வையைக் குலுக்கிக்கொண்டு, ஏழு மாடியும் ஏறி முடியும் வரை யோசித்து, கடைசியில் தமிழிலேயே சொல்லிவிட்டார்:

“ஓம், பாப்பம்.”

ஊட்வாருக்குத் தமிழ் தெரியாது. தலையை ஆட்டினார். அதை அவர் வாக்குறுதியாகத்தான் எடுத்திருக்க வேண்டும்.